அறுபத்தோராம் டோன்

“நான் அழுதா ஒங்க வீட்டுக்குக் கேக்குமாட்டி?”

அமலி அக்கா இப்படிக் கேட்ட அன்று இரண்டு பேரும் தெருக்குழாயடியில் நின்றுகொண்டிருந்தார்கள். உலகம்மாளின் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அவள் குடத்தின் வாயைப் பார்த்தபடியே, “கேக்காதுக்கா” என்றாள்.

“நெசமாவா?”

“ஆமாக்கா. எங்காதுல எப்பவும் ஹெட்போனு கெடக்கும்லா.”

ஹெட்போன் கிடப்பது உண்மை. அதனால் பொய் எளிதாக நின்றுவிட்டது. அமலி அக்கா நிம்மதியாக மூச்சு விட்டாள். “நல்லதாப் போச்சு. ஒங்கண்ணனுக்குத் தெரிஞ்சா வைவாரு. செத்த பிள்ளைக்கு அழுதுகிட்டே இருந்தா அடுத்த பிள்ளை தங்காதுன்னு எங்க மாமியா சொல்லிவச்சிருக்கு. அதான் அவரு தோணியில போயிருக்கப்போ மட்டும் அழுதுக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு, ஏதோ வேடிக்கை சொன்னவள் மாதிரி சிரித்தாள்.

அந்தப் பொய்யில் அப்போது ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. தூத்துக்குடியில் அவர்கள் இருந்தது லைன் வீடு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து நீளமாக ஒரே கூரை, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்கள். பக்கத்து வீட்டில் கடுகு வெடிப்பது கேட்கும் என்றால் அழுகை கேட்காமல் போகுமா? அமலோற்பவம் என்ற அமலி அக்கா அதிகாலையில் மீன்கூடத்துக்கு ஏலம் கூறப் போவாள். மதியம் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி வாக்கில் சுவர் ஓரமாக உட்கார்ந்து அழுவாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை நாலே நாளில் போய்விட்டது. புருஷன் சூசை மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கு கொண்டு போகிறவன். ஆகவே வருடத்தில் பாதி நாள் மூன்று மணி அவளுக்குச் சொந்தமாக இருந்தது.

ஏலம் எல்லா ஊரிலும் கணினித் திரைக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் அந்த மீன்கூடத்து வியாபாரிகள் மட்டும், ஆள் குரல் கொடுத்துக் கூறினால்தான் கை தூக்குவார்கள். அதிலும் அமலி குரல் என்றால் வாசல் வரை கேட்கும். “சீலா வந்திருக்கு, சீலா! கண்ணப் பாரு, ஒன்னையே பாக்குது!” என்று அவள் கூவினால் வாங்க வராதவனும் திரும்பிப் பார்ப்பான்.

உலகம்மாள் அதற்கு நேர் எதிர். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னதற்குப் பயந்து பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள். அவள் அம்மா உப்பளத்துக்குப் போவாள். உலகு வீட்டிலிருந்தபடியே மெல்லிசைக் குழுவுக்கு டோன் செய்து கொடுத்தாள். பழைய பாட்டு ஒன்றில் ரயில் கூவும், ஒன்றில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் எதிரொலிக்கும், இன்னொன்றில் கண்ணாடி வளையல் சிதறும். அந்தச் சத்தங்களையெல்லாம் கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினால் வரும்படி செய்து வைப்பதற்குத்தான் டோன் போடுவது என்று பெயர். மேடையில் மின்சாரம் ஏறி இறங்கினால் கீபோர்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் டோன் போடுகிறவர்கள் ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் எழுதி வைப்பார்கள். எந்த எண்ணை, எந்தத் தேதியில், எதற்காக மாற்றினோம் என்பது வரை எழுத வேண்டும். உலகு அதற்கும் மேலே எழுதுவாள். யாரிடமும் பேசாததையெல்லாம் அந்த நோட்டுகளில்தான் எழுதினாள். அவற்றை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

குழுவை நடத்தியவர் சகாயம் அண்ணன். ஐம்பது வயது, கீபோர்டு வாசிப்பவர், மேடைக்கு மேடை பட்டுச் சட்டை மாற்றுவார். அந்த வருடம் மே மாதத்தில் ஒரு நாள் அவர் கையில் ஒரு கருப்புப் பெட்டியோடு வந்தார்.

“இதுக்குப் பேரு என்னமோ போட்டிருக்கான், வாயில நுழையல. நாங்க தொண்டப்பெட்டின்னு சொல்லுதோம்” என்றார்.

“என்ன செய்யும்ணே?”

“நம்ம பழைய கீபோர்டு இருக்குல்லா, அது சத்தத்த அப்படியே படம் புடிச்சு வச்சுக்கிடும். இது அப்படியில்ல. ஒரு சத்தத்தக் குடுத்தா, இந்தச் சத்தம் வரணும்னா உள்ள எப்படிப்பட்ட தொண்ட இருந்திருக்கணும்னு கணக்குப் போட்டு, அந்தத் தொண்டையவே கட்டிரும். நாக்கு, குரவள, உள்ள இருக்கிற ரெண்டு சவ்வு, அதோட தடிப்பு, எல்லாம் நம்பர் நம்பராக் காட்டும். அப்புறம் அந்தத் தொண்டைய நீ பாடவும் விடலாம், கொட்டாவி விடவும் விடலாம்.”

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பாட்டு. அறுபது வருடத்துக்கு முந்தைய படம். பாட்டின் இரண்டாவது இடையிசையில் வயலின்கள் சட்டென்று நிற்கும். ஒரு பெண் விசும்புவாள். அரை விசும்பல்தான், முடிப்பதற்குள் அடக்கிக்கொள்வாள். அங்கிருந்து வீணை எடுக்கும். அந்த விசும்பலை எந்தக் குழுவாலும் மேடையில் கொண்டுவர முடிந்ததில்லை.

“சனங்க கேக்கிறது பாட்ட இல்லட்டி, அந்த விசும்பல. போன வருசம் அத நான் புல்லாங்குழல் டோன்ல வாசிச்சேன். கீழ இருந்து ஒருத்தன், ‘அண்ணே, அந்தம்மாவுக்குச் சளி சரியாப்போச்சா’ங்கான். மானம் போச்சு.”

பழைய இசைத்தட்டில் விசும்பல் வீணைக்கு அடியில் புதைந்து கிடந்தது. பெட்டி அரைத் தொண்டை கட்டிவிட்டு, இன்னும் வேண்டும் என்று நின்றது. மிமிக்ரி செய்யும் ஜோசப்பைக் கூட்டி வந்து அழவிட்டார்கள். அவன் அண்ணியை அழவிட்டார்கள். நாடகத்தில் நடிக்கும் ஒரு பெண்ணை அழவிட்டார்கள். எல்லாம் டிவி சீரியல் அழுகையாக வந்தது.

சகாயம் அண்ணன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். “பொய்யா அழுறவன் தொண்டையத் தொறந்து வச்சுக்கிட்டு அழுவான். நெசமா அழுறவளுக்குத் தொண்ட அடைக்கும். அந்த அடைப்புதான் நமக்கு வேணும். அதுக்கு நான் எழவு வீட்டுக்கா போயி மைக்கப் புடிக்க?”

அவர் போன பிறகு உலகு தனியாக உட்கார்ந்திருந்தாள். மணி மூன்று ஆனது. சுவருக்கு அந்தப் பக்கம் அது ஆரம்பித்தது. முதலில் மூக்கை உறிஞ்சுவது, பிறகு ஒரு நீண்ட மூச்சு, பிறகு பாதியில் அடங்குகிற அந்த விசும்பல். கூடவே அடைப்பு.

வயலினில் ஒட்டுகிற சின்ன மைக் ஒன்று அவளிடம் இருந்தது. அதைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினாள். ஒரு நாள் மட்டும் என்றுதான் நினைத்தாள். ஜூலை முடிவதற்குள் பதினோரு மதியங்கள் எடுத்தாள்.

நோட்டில் எழுதினாள்: டோன் 61. அதன் கீழே ‘மூலம்’ என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டாள். அவளுடைய நோட்டுகளில் காலியாக விடப்பட்ட முதல் இடம் அது.

இந்தப் பதினோரு நாளில் ஒரு சிறு தொல்லை இருந்தது. வலது சவ்வின் தடிப்பு எப்போதும் 2 என்றே காட்டியது. இடது முதலில் 2 காட்டி, பிறகு 3, கடைசி நாள் 5. அதனால் விசும்பலின் ஓரத்தில் கந்தல் கிழிவதுபோல் ஒரு கரகரப்பு வந்தது. சுவர் மைக்கின் கோளாறு என்று உலகு நினைத்தாள். டோன் போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். குமிழைத் திருப்பி இடதையும் 2 ஆக்கினாள். கரகரப்பு போய், விசும்பல் பழைய இசைத்தட்டில் இருந்ததுபோல் சுத்தமாக வந்தது.

ஆகஸ்ட் மாதத் திருவிழாவில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். வயலின்கள் நின்றன. சகாயம் அண்ணன் ஒரு விரலால் அறுபத்தொன்றை அழுத்தினார். சுண்டல்காரன் உள்பட மைதானம் அப்படியே நின்றது. வீணை தொடங்கிப் பல நொடிகள் கழித்துத்தான் யாரோ விசிலடித்தார்கள். முன் வரிசையில் ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். துக்கம் கழியாத வருடம் என்பதால் அமலி அக்கா திருவிழாவுக்கு வரவில்லை.

அப்புறம் அந்த டோன் கை மாறிப் போயிற்று. மதுரைக் குழு கேட்டது, நாகர்கோவில் குழு கேட்டது. யார் யாருக்கோ போய், ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் பிஸ்கட் தீர்ந்துபோன குழந்தையின் அம்மா அந்த விசும்பலை விட்டாள். செல்போன் மணியாகவும் வந்தது. மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவன் சட்டைப் பையிலிருந்து அமலி அக்கா விசும்பியதை உலகு கேட்டாள். அவன் போனை எடுத்து, “சொல்லு மாப்ள” என்றான்.

இதற்கெல்லாம் முன்பே, திருவிழா முடிந்த இரண்டாம் வாரம் சகாயம் அண்ணன் வேறொரு பாட்டுக்கு இன்னும் நீளமான அழுகை கேட்டார். உலகு மறுபடி மைக்கை ஒட்டினாள். இடது தடிப்பு 9 காட்டியது.

மைக்கைக் கழற்றித் துடைத்து வேறு இடத்தில் ஒட்டினாள். 9. அம்மாவின் இருமலை அதே மைக்கில் எடுத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் 2. தன் குரலை எடுத்தாள். 2. மறுபடி சுவருக்கு அந்தப் பக்கம்: 9. மைக்கில் ஒன்றுமில்லை. பெட்டியிலும் ஒன்றுமில்லை. அது கட்டியது ஒரு தொண்டையை. அந்தத் தொண்டை எப்படி இருந்ததோ அப்படிக் கட்டியிருந்தது.

அவள் அன்றைக்கும் குமிழைத் திருப்பி 2 ஆக்கினாள். பாட்டுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சகாயம் அண்ணனிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். “அண்ணே, ஒருத்தங்க தொண்டைல ஏதோ இருக்குன்னு இந்தப் பெட்டி காட்டினா, அது நெசமா இருக்குமா?”

“பெட்டி என்ன டாக்டராட்டி? கரகரப்ப எடுத்திட்டல்லா?”

“எடுத்திட்டேன்.”

“பெறகென்ன. சரியாப்போச்சு” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அது யாருன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத. சொல்லணும்னு போனேன்னா, ஒனக்கு எப்படிட்டித் தெரியும்னு முதல்ல கேப்பாக. அதுக்குப் பதில் வச்சிருக்கியா?”

குழாயடியில் ‘கேக்காதுக்கா’ என்று சொன்னது அவளுக்கு முன்னால் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

இருந்தும் போனாள். அமலி அக்கா முற்றத்தில் உட்கார்ந்து பாறை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். எப்படியும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் உலகு அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒங்க தொண்ட கட்டியிருக்காப்ல இருக்கே. டாக்டர்ட்ட காட்டுங்களேன்.”

“விடியக் கருக்கல்ல இருந்து கத்துற தொண்ட, குயிலு மாதிரியா இருக்கும்? பனங்கற்கண்டு வாயில போட்டிருக்கேன், பாரு.” நாக்கை நீட்டிக் காட்டினாள்.

“இல்லக்கா… அது வேற மாதிரி…”

அமலி அக்கா கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “என்னட்டி சொல்லுத?”

ஒரு நொடி இருந்தது. உலகு அந்த நொடியைப் பிறகு பல நூறு தடவை திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறாள். கத்தியில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அது வெயிலில் மினுங்கியது.

“ஒண்ணுமில்லக்கா.”

“கூறுகெட்டவ. இந்தா, ரெண்டு துண்டு கொண்டு போ. அம்மைய நல்லா மொளகு போட்டு வைக்கச் சொல்லு.”

அன்று அம்மா வைத்த குழம்பு அருமையாக இருந்தது. உலகு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அது ஏன் தனக்கு மறக்க மாட்டேன் என்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நோட்டில் ‘ஆகஸ்ட் 20. சொன்னேன்’ என்று எழுதினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை அடித்து, ‘சொல்லப் பார்த்தேன்’ என்று மாற்றினாள்.

சுவரிலிருந்து மைக்கைக் கழற்றிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று மணிக்கு ஹெட்போனை உண்மையாகவே இறுக்கி மாட்டிக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் ஏலத்தின் நடுவே அமலி அக்கா இருமினாள். கையில் ரத்தம் இருந்தது. மார்ச் மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் புற்று என்று சொல்லிக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கழுத்தின் அடியில் ஒரு துளை. இனி மூச்சு அதன் வழியாகத்தான். அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

உலகுவின் அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: “ஆறு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா வெளிச்சம் காட்டிக் கரைச்சிருப்போம், கொரலு தப்பிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாராம். சூசை சொல்லிச் சொல்லி அழுதான். யாருக்குத் தெரியும், பாவம்.”

உலகு விரல் விட்டு எண்ணினாள். எண்ணத் தேவையே இல்லை. நோட்டில் தேதி இருந்தது.

மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு சத்தமும் இல்லை. அழுவதை விட்டுவிட்டாள்போல என்று உலகு முதலில் ஆறுதலாக நினைத்தாள். ஒரு மதியம் கஞ்சி கொடுக்கப் போனபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. திறந்தாள். அமலி அக்கா அதே சுவர் ஓரமாக உட்கார்ந்து, வாய் திறந்து, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. உலகு கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று மாலையே தொண்டைப்பெட்டியை எடுத்து உட்கார்ந்தாள். அமலி அக்காவின் தொண்டை அதற்குள் முழுதாக இருந்தது. அழ மட்டும் தெரிந்த தொண்டை. அதற்கு அவள் பேசக் கற்றுக்கொடுத்தாள். மூன்று மாதம் ஆனது. க வந்தது, ச வந்தது, ‘ழ’ மட்டும் பல நாள் படுத்தியது. கடைசியில் சிரிப்பையும் போட்டாள். அந்தத் தொண்டையை முதன்முதலாகச் சிரிக்க வைத்தபோது அது நன்றாகவே சிரித்தது. எல்லாவற்றையும் தீப்பெட்டி அளவுள்ள ஒரு சின்னப் பேசும் பெட்டிக்குள் இறக்கி, கழுத்தில் மாட்டக் கயிறு கட்டினாள். கையிலுள்ள எழுதும் தட்டில் எழுத்துகளைத் தட்டினால் நெஞ்சிலிருந்து குரல் வரும். பேசத் தயாராக இருக்கும்போது பச்சை விளக்கு எரியும்.

சூசை ஊரில் இருந்த நாளாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அமலி அக்கா ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். பெட்டி சொன்னது: “ஏங்க, சாப்டீங்களா?”

சூசை கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டான்.

“எங்கட்டி பிடிச்ச என் கொரல?” என்று பெட்டி கேட்டது.

“மீன்கூடத்துல யாரோ ஒங்க ஏலத்த போன்ல எடுத்திருந்தாங்கக்கா. அதுல இருந்து.” இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சரளமாக வந்தது.

அமலி அக்கா ஏலத்துக்குத் திரும்பினாள். வாக்கியங்களை முன்கூட்டியே தட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்துவாள். “முந்தி கத்துனா தண்ணி தவிக்கும், இப்ப சார்ஜ் எறங்குது” என்பாள். பேரத்தில் ஏமாற்றப் பார்த்தவனுக்கு ஒரே வசவை ஆறு தடவை அழுத்துவாள். மீன்கூடம் சிரிக்கும். உலகுவுக்குக் கொஞ்சம் தூக்கம் வர ஆரம்பித்தது.

ஒரு தடவை மட்டும் குழாயடியில் அமலி அக்கா யோசனையோடு தட்டினாள்: “கல்யாணத்துக்கு முந்தி இப்படித்தான் இருந்துச்சு என் கொரலு. கரகரப்பே இல்ல பாத்தியா.”

உலகு குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

செப்டம்பரில் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மீன் கம்பெனி வீட்டுக் கல்யாணம் என்பதால் லைன் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் அழைப்பு. உலகு சகாயம் அண்ணனிடம் ஓடினாள். “அண்ணே, அந்தப் பாட்டு வேண்டாம்ணே.”

“பொண்ணோட அப்பா கேட்டிருக்காரு. அதுக்குத்தான் நம்மளக் கூப்பிட்டதே. ஏன், டோனுல ஏதும் கோளாறா?”

“டோனுல கோளாறில்ல.”

“அப்ப ஓரமாப் போயி ஐஸ்கிரீம் சாப்பிடு, போ.”

அவள் மேடையின் ஓரத்தில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்றாள். அமலி அக்கா நான்காவது வரிசையில் நீலப் பட்டுச் சேலை கட்டி, கழுத்தில் புதுத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். வயலின்கள் நின்றன. விசும்பல் வந்தது.

அமலி அக்கா சட்டென்று குனிந்து தன் நெஞ்சிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். தெரியாமல் எதையோ அழுத்திவிட்டோம் என்று நினைத்தவள்போல் அதன்மேல் கையை வைத்து மூடினாள். விளக்கு அணைந்திருந்தது. பிறகு மெதுவாகத் தலையை உயர்த்தி மேடையைப் பார்த்தாள். வீணை வாசித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சரியாக மூன்று மணிக்கு உலகுவின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அம்மா உப்பளத்தில் இருந்தாள். அமலி அக்கா உள்ளே வந்து, சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தட்டினாள்.

“அது நாந்தானட்டி?”

உலகு ஆமென்று தலையை ஆட்டினாள்.

“செவுத்து வழியாவா?”

“ஆமாக்கா.”

“எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளு. அந்த விசும்பல முந்தி எத்தனையோ வாட்டி கேட்டிருக்கேன். மீன்கூடத்துல பாதிப்பேரு போன்ல அதான் அழுவுது. யாரு பெத்த பிள்ளையோன்னு நெனச்சுக்கிடுவேன். நம்ம கொரல நாம வெளிய இருந்து கேட்டதில்லல்லா. நீ இதக் கழுத்துல மாட்டிவிட்ட பெறகுதான் தெனம் கேக்கேன். நேத்து கேட்டதும் தெரிஞ்சுபோச்சு.”

இவ்வளவையும் தட்ட அவளுக்கு வெகு நேரம் ஆனது. உலகு நின்றுகொண்டே காத்திருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே காக்கை கத்தியது, எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்தது.

“மன்னிச்சிருங்கக்கா” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அமலி அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிப்புக்கு உள்ளதை அழுத்தினாள். உலகு செய்து கொடுத்த சிரிப்பு.

“அழாதட்டி. ராத்திரியெல்லாம் ஒன்ன நல்லா வைஞ்சுட்டுத்தான் வந்திருக்கேன். அப்புறம் யோசிச்சேன். என் மவளுக்குன்னு அழ இந்த ஒலகத்துல நான் ஒருத்திதான் இருந்தேன். அவரு கூட அழக்கூடாதும்பாரு. நேத்து மண்டபம் பூரா கண்ணத் தொடச்சுச்சு. நாலு நாள் இருந்த பிள்ளைக்கு இத்தன பேரு. இருந்துட்டுப் போட்டும்.”

அத்தோடு முடிந்திருக்கலாம். காபி போட்டுக் கொடுத்திருந்தால் குடித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அமலி அக்கா மறுபடி தட்டினாள், வெகுளியாக, முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சத்தோடு.

“ஒண்ணு மட்டும் விளங்கல. நீ எடுத்தப்போ என் கொரலு கட்டிப்போயிருந்துச்சே. நீ கூட ஒருநா சொன்னியே, டாக்டர்ட்ட காட்டுன்னு. இதுல மட்டும் எப்படி அந்தக் கரகரப்பு இல்ல?”

மெஷின் சரி பண்ணிக்கிடும்க்கா. இதைச் சொன்னால் போதும். வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. முதல் இரண்டு பொய்யைவிட இது சின்னது. சொல்லிவிட்டால் நாளைக்கும் குழாயடி உண்டு, மீன் துண்டு உண்டு, ‘கூறுகெட்டவ’ உண்டு.

உலகு அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு நோட்டை எடுத்தாள். பக்கத்தைத் திருப்பி அமலி அக்காவின் மடியில் வைத்தாள்.

அமலி அக்கா விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். எட்டாம் வகுப்புப் படிப்பு, மெதுவாகத்தான் போயிற்று. டோன் 61. மூலம், எதிரே காலி. இடது தடிப்பு 3. இடது தடிப்பு 5, மைக் கோளாறு என்று நினைக்கிறேன், 2 ஆக்கினேன். ஆகஸ்ட் 18: இடது 9. மைக் மாற்றிப் பார்த்தேன், அம்மாவுக்கு 2, எனக்கு 2. கோளாறு இல்லை. அவங்க தொண்டையில் ஏதோ வளருது. டோனில் 2 ஆக்கிவிட்டேன். ஆகஸ்ட் 20.

அடித்திருந்த ‘சொன்னேன்’ என்ற சொல்லின்மேல் விரல் நின்றது. அடித்த கோட்டின்மேல் முன்னும் பின்னுமாக ஒரு தடவை போனது. பிறகு அந்தக் கை நோட்டை விட்டு எழுந்து, கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணியது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஒரு கை போதவில்லை. மார்ச்சில் வந்து நின்றது.

உலகு அவள் தட்டுவதற்காகக் காத்திருந்தாள். வசவோ சாபமோ எதுவானாலும் அந்தக் குரலில் வரட்டும் என்று காத்திருந்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அமலி அக்கா எழுந்து, நோட்டை மூடி நாற்காலியின்மேல் வைத்தாள். தலையைக் குனிந்து, கழுத்துத் துணி கலையாமல், கயிற்றை இரண்டு கையாலும் பதமாகக் கழற்றினாள். பெட்டியை நோட்டின்மேல் வைத்தாள். எழுதும் தட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். சேலை முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டி, படியிறங்கிப் போனாள்.